1803 என்று எழுதிய புட்டி

போன மாதம் பாரிஸிலிருந்து திரும்பிய தோழி எனக்கு ஒரு வாசனைப் புட்டி கொண்டு வந்தாள். பழைய மருந்துக்கடை சீசா மாதிரி இருந்தது. லேபிளில் பியூலி என்ற பெயர், அதோடு 1803 என்ற எண். "இது யூனிசெக்ஸ்டா, நீயும் போடலாம்" என்றாள். அந்த 'நீயும்'தான் இதை எழுத வைக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆல்கஹால் கிடையாது, தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது. பால் கலந்தது போல வெளுப்பாக இருக்கிறது, தோலில் எரிச்சல் இல்லை. என் சண்டை அதோடு இல்லை. லேபிளோடு.

ழான் வின்சென்ட் பியூலி நிஜமான ஆள். பாரிஸின் சேன்ட் ஹொனொரே தெருவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாசனைக்கடை வைத்திருந்தவர். உடம்புக்குப் பூசும் நறுமண வினிகர்தான் அவரைப் பிரபலமாக்கியது. 1830 ஜூலைப் புரட்சியில் கடை சூறையாடப்பட்டது, மனிதர் நொடிந்துபோனார். அப்புறம் 2014-ல் ரம்தான் துஹாமி, விக்தோவார் தெ தையாக் என்ற தம்பதி பொனபார்ட் தெருவில் ஒரு கடை திறந்து அவர் பெயரைப் பலகையில் எழுதினார்கள். பழைய பெயரில் இருந்த இரண்டு 'எல்' எழுத்தில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். இரண்டோடு எழுதினால் ஆங்கிலத்தில் என்ன அர்த்தம் வரும் என்று உங்களுக்குத் தெரியும். 2021-ல் எல்விஎம்எச் குழுமம் அதை வாங்கிக்கொண்டது.

ஆக, என் கையில் இருக்கும் பொருளுக்கு வயது பத்து, பன்னிரண்டு. பெயருக்கு மட்டும் இருநூறுக்கு மேல். துஹாமி ரசனையுள்ள மனிதர், சந்தேகமே இல்லை. மரப்பெட்டிகளும் பளிங்கும் அழகான கையெழுத்துமாக அந்தக் கடையை அவர் அமைத்த விதத்தைப் படத்தில் பார்த்தாலே ஆசை வரும். ஆனால் நொடித்துப்போன ஒருவருடைய பெயரை எடுத்து, நடுவில் இருக்கும் பள்ளத்தை வார்னிஷ் அடித்து மூடுவதைப் பாரம்பரியம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இதே பியூலியை மனதில் வைத்துத்தான் பால்சாக் 'சேசர் பிரோத்தோ' நாவலை எழுதினார் என்கிறார்கள். வெளிவந்தது 1837-ல். பிரோத்தோ ஒரு வாசனைக்கடைக்காரர். முகத்துக்கு ஒரு தண்ணீர், கைக்கு ஒரு பசை என்று விற்றுப் பணக்காரர் ஆகிறவர். அவருடைய விளம்பரத் துண்டறிக்கையைப் பால்சாக் நாவலுக்குள் முழுசாகவே அச்சடித்து வைத்திருக்கிறார். நான் முதல் தடவை வாசித்தபோது அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விட்டேன். இந்தப் புட்டி வந்தபிறகு திரும்ப எடுத்து வாசித்தேன். சிரித்துவிட்டேன். பசையின் சூத்திரம் பழங்காலத்து அரபு வைத்தியரிடமிருந்து வந்ததாம். ஆண், பெண் இருபாலாரின் தோலையும் ராப்பகலாக ஆராய்ந்து தயாரித்ததாம். பழைய காலத்துப் பெருமையும் யூனிசெக்ஸும் ஒரே துண்டறிக்கையில்! ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்கு முன்னால் பால்சாக் கிண்டலடித்த அதே வாசகங்களை நாம் இன்று புதுமை என்று வாங்குகிறோம். பியூலியை உயிர்ப்பித்தவர்கள் அந்த நாவலைக் கட்டாயம் வாசித்திருப்பார்கள். அதைத் தங்களுக்கான கையேடாக எடுத்துக்கொண்டார்களோ என்னவோ.

இப்போது அந்த 'நீயும்'.

வாசனைக்கு ஆண், பெண் என்று பிறப்பிலேயே பிரிவு இருந்ததில்லை. கொலோன் நகரத்தில் 1709 முதல் வியாபாரம் செய்த ஃபரினா குடும்பத்தின் வாசனைத் தண்ணீரை ஆண்களும் பூசினார்கள், பெண்களும் பூசினார்கள். நெப்போலியன் அந்த வகைத் தண்ணீரைப் புட்டி புட்டியாகத் தீர்த்தவர். அவரை யாரும் நளினக்காரர் என்று கேலி செய்திருக்க மாட்டார்கள். 1889-ல் கெர்லான் நிறுவனத்தின் 'ஜிக்கி' வந்தது. லாவெண்டரும் வனிலாவும் சேர்ந்த வாசனை. அதையும் இருபாலாரும் போட்டார்கள். 1934-ல் கரோன் நிறுவனம் அதே லாவெண்டர், வனிலா சேர்க்கையில் ஒன்றைத் தயாரித்து 'ஓர் ஆணுக்கு' என்று பெயரே வைத்துவிட்டது. மூக்குக்குத் தெரியாத வித்தியாசத்தை லேபிள் செய்து முடித்தது. பிறகு வீட்டுக்கு ஒரு புட்டி என்பது இரண்டானது. 1994-ல் கால்வின் கிளைன் 'சிகே ஒன்' என்று இரண்டையும் மறுபடி ஒன்றாக்கி, அதைப் புரட்சி என்று விற்றது. இப்போது பழைய வீடுகளைத் தூசு தட்டுகிறவர்கள் அதையே பாரம்பரியம் என்று விற்கிறார்கள். பிரித்ததற்கும் காசு, சேர்த்ததற்கும் காசு, இது எப்போதோ சேர்ந்துதானே இருந்தது என்று ஞாபகப்படுத்துவதற்கும் காசு.

இதில் எனக்கு என்ன இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். என் தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது சந்தனத்தில் ஜவ்வாதைக் குழைத்து நெஞ்சிலும் காதுக்குப் பின்னாலும் பூசுவார். எனக்கும் ஒரு விரல் கிடைக்கும். படிவம் இரண்டு படிக்கும்போது ஒரு நாள் அந்த வாசனையோடு வகுப்புக்குப் போனேன். "பொண்டான்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அந்தப் பெயர் வருஷம் முடியும்வரை கூடவே வந்தது. அதற்குப் பிறகு 'ஆண்களுக்கு' என்று கொட்டை எழுத்தில் போட்ட, டின்னில் அடைத்த ஸ்ப்ரேயைத் தவிர வேறு எதையும் நான் தொட்டதில்லை. தாத்தா நீட்டிய விரலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. டப்பாவை மூடி வைத்துவிட்டார்.

மஸ்ஜித் இந்தியா பக்கம் போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகிற ஆண்கள் ரோஜா அத்தரையும் மல்லிகை அத்தரையும் புறங்கையில் தேய்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். அங்கே யூனிசெக்ஸ் என்ற சொல்லுக்கு வேலையே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாரிஸ் புட்டியைப் பூசிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் அப்பா மூக்கைச் சுருக்கினார். "என்னடா, பொம்பளை வாசனை?"

தாத்தாவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். நெப்போலியனைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"யூனிசெக்ஸ்ப்பா. பிரான்ஸ் சாமான். 1803."

"ஓ, அப்ப சரி" என்று கறியைப் பக்கத்தில் தள்ளினார்.