சுகப்பிரசவம்தான்... தையல் ஆறிவிட்டதா?

குழந்தை பிறந்த சேதி வந்ததும் உறவுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, ''ஆணா, பெண்ணா?'' அடுத்த கேள்வி, ''சுகப்பிரசவமா, ஆபரேஷனா?'' ''சுகப்பிரசவம்தான்'' என்று பதில் வந்துவிட்டால் விசாரணை அதோடு முடிந்தது. சிசேரியன் ஆனவளை, ''வயித்துல தையல் இருக்கு, குனியாதேம்மா'' என்று ஆளாளுக்குத் தாங்குவார்கள். சுகப்பிரசவம் ஆனவளுக்கும் பெரும்பாலும் தையல் இருக்கிறது. அது வெளியே சொல்லக் கூசுகிற இடத்தில் இருப்பதால் யாருமே கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.

''தையலுக்கும் சித்த வைத்தியருக்கும் என்ன சம்பந்தம்?'' என்கிறீர்களா? ஆஸ்பத்திரியில் சொல்ல வெட்கப்பட்டு, ''ஏதாவது கஷாயம் குடுங்க'' என்று எங்களைத் தேடி வருகிற பெண்கள் உண்டு. தவிர, சித்த மருத்துவம் சொல்லும் 32 புற மருந்துகளில் அறுவையும் ஒன்று. கத்தியைக் கண்டு முகம் சுளிக்க எங்களுக்கு நியாயமே கிடையாது. என் கருத்து இதுதான்: தையல் போடுவது டாக்டரம்மாவின் வேலை. அதை ஆறவிடுவது வீட்டாரின் வேலை. இந்த இரண்டாவது வேலையில்தான் நாம் கோட்டை விடுகிறோம்.

பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே இருக்கும் சிறிய தசைப் பகுதி பற்றித்தான் பேசுகிறேன். மூலாதாரம் என்று நம் முன்னோர் குறித்தது இந்த இடத்தைத்தான். கருப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்கும் தசைகள் இங்கே வந்து சேர்கின்றன. குழந்தையின் தலை வெளியே வரும்போது இந்த இடம் கிழியலாம். அல்லது டாக்டரே கத்தரித்து வழிவிடலாம். எல்லாருக்கும் வழக்கமாகக் கத்தரிப்பது தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ''எனக்கு அவசியம் இருந்தால் மட்டும் செய்யுங்கள்'' என்று முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வைப்பதில் தவறே இல்லை.

கிழிசலில் நான்கு நிலை உண்டு. மேல்தோல் மட்டும் கிழிந்தால் முதல் நிலை. உள்ளே தசையும் கிழிந்தால் இரண்டாம் நிலை. ஆசனவாயைச் சுருக்கிப் பிடிக்கும் வளையத் தசை வரை போனால் மூன்றாம் நிலை. மலக்குடலின் உள்சவ்வு வரை கிழிந்தால் நான்காம் நிலை. கடைசி இரண்டையும் பொதுவாக ஆபரேஷன் தியேட்டரில், மயக்க மருந்து கொடுத்து, அடுக்கடுக்காகத் தைப்பார்கள். ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது, ''எனக்கு எத்தனையாவது நிலை?'' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பிரசவத்துக்கு அந்தக் குறிப்பு அவசியம் வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது? ''தண்ணி குடிச்சா வயிறு ஊதிப் போகும்'' என்று தண்ணீரைக் குறைக்கிறார்கள். பத்தியம் என்று காய்கறி, பழத்தை நிறுத்துகிறார்கள். விளைவு, மலச்சிக்கல். அந்தப் பெண்ணோ தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து மலத்தை அடக்குகிறாள். முக்கி முக்கிப் போகும்போது தையல்மேல் அழுத்தம் விழுகிறது. இது என்ன பத்தியமோ! அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்று சித்த மருத்துவம் பட்டியல் போடுகிறது. மலமும் சிறுநீரும் அதில் சேர்த்தி. பால் கொடுப்பவளுக்கு தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள். கீரை, வாழைத்தண்டு, பழங்கள், உலர் திராட்சை கொடுங்கள். டாக்டர் எழுதிய மலமிளக்கியை, ''பச்சை உடம்புக்கு ஆகாது'' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை அந்த இடத்தில் அடித்து ஊற்றாதீர்கள். மஞ்சள் பற்று, எண்ணெய், புகை எதுவும் பச்சைத் தையலுக்கு வேண்டாம். வைத்தியன் நானே சொல்கிறேன், எங்கள் மருந்தும் வேண்டாம். முதல் ஓரிரு நாள் வீக்கத்துக்கு, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வைக்கலாம். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர் போதும். முன்னிருந்து பின்னாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, நாப்கினை அடிக்கடி மாற்ற வேண்டும். தையல் நூல் சில வாரங்களில் தானே கரைந்துவிடும். மேல்தோல் 2, 3 வாரத்தில் ஆறினாலும் உள்தசைக்கு 6 வாரமாவது வேண்டும். அதுவரை தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை எதையும் தூக்கவிடாதீர்கள். தாம்பத்தியமும் அப்படித்தான். புண் ஆறி, அவள் மனசும் சம்மதித்த பிறகே.

வலி குறைந்ததும் ஒரு பயிற்சி. காற்றை அடக்குவதுபோல ஆசனவாயை மேலே இழுத்து, 5 எண்ணி விடுங்கள். ஒரு வேளைக்கு 10 தடவை, தினம் 3 வேளை. யோகத்தில் மூலபந்தம் என்பது ஏறக்குறைய இதுதான்.

இனி முக்கியமான விஷயம். காற்று அடக்க முடியவில்லை, மலம் கசிகிறது, இருமினால் சிறுநீர் சொட்டுகிறது... இதை எல்லாம், ''பிள்ளை பெத்தா அப்படித்தான்'' என்று மாமியார் சொல்ல, மருமகள் ஆயுசுக்கும் சுமக்கிறாள். கோயிலுக்குப் போவதில்லை, கல்யாணத்துக்குப் போவதில்லை. பஸ்ஸில் ஏறவே பயம். இது விதி அல்ல, வியாதி. வளையத் தசை கிழிந்து ஒழுங்காகத் தைக்கப்பட்டவர்களில் 100-க்கு 60 முதல் 80 பேர் ஒரு வருடத்துக்குள் தொந்தரவு ஏதுமின்றி இருக்கிறார்கள். மீதிப் பேருக்கும் பயிற்சி இருக்கிறது, தேவைப்பட்டால் மறு அறுவையும் இருக்கிறது. வயதான பிறகு அடியிறக்கம் வந்த அம்மாக்களுக்கும் இதையே சொல்வேன். தளர்ந்த தசையைச் சீர்செய்ய ஆபரேஷன் உண்டு. அது வேண்டாம் என்றால், உள்ளே தாங்கிப் பிடிக்க வளையம் வைக்கும் முறையும் உண்டு. லேகியம் சாப்பிட்டுக் கிழிந்த தசை ஒட்டிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, நாளாக ஆகக் கூடும் வலி, தையல் விட்டுப்போதல்... இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மாமியாரோ, அம்மாவோ, கணவரோ, நீங்கள் யாராக இருந்தாலும் சரி. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருப்பவளிடம், ''உட்கார முடியுதாம்மா? வலி எப்படி இருக்கு?'' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால்தானே அவள் வாய் திறப்பாள்? வாய் திறந்தால்தானே வைத்தியம்?