கப்பல் படமும் தாத்தாவின் வாய்ச்சியும்

மாணவர் இதழ் எதைப் புரட்டினாலும் ஒரு கப்பல் படம் இருக்கும். பாய் விரித்து, புலிக்கொடி பறக்க, 1025-ஆம் ஆண்டில் கடாரம் நோக்கி விரையும் சோழர் கப்பல். படித்த காலத்தில் நானும் அப்படியொன்றை வரைந்து கொடுத்தவன்தான். அதன் பலகைகளை எந்தக் கருவியால் செதுக்கினார்கள் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

எங்கள் வீடு கிள்ளானை அடுத்த மேருவில். தாத்தா தோட்டத்துத் தச்சர். அவருடைய வாய்ச்சி இன்றும் கொட்டகையில் கிடக்கிறது. சென்ற தீபாவளிக்கு வந்த அக்காள் மகன் அதைத் தூக்கிப் பார்த்து, "மாமா, இது மண்வெட்டியா?" என்றான். மேருவிலோ தளவாடத் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை!

கருவியை மறப்பது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இந்நாட்டு மண்ணில் கிடைத்த கற்கால வாய்ச்சிகளைக் கிராமத்து மலாய்க்காரர்கள் இடியோடு விழுந்தவை என நம்பி, 'பத்து லிந்தார்' என்றனர். கிள்ளான் பக்கத்திலும் பேராக்கிலும் பகாங்கிலும் அகப்பட்ட பழைய இரும்புக் கருவிகளுக்கு 'துலாங் மாவாஸ்', அதாவது குரங்கின் எலும்பு, என்று பெயர்.

அத்தகைய கருவிகளால் என்ன செய்ய முடிந்தது? 1926-இல் பகாங்கின் குவாலா பொந்தியானில் ஒரு பழம்படகின் சிதைவு கிடைத்தது. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அதில் இரும்பாணி இல்லை. பலகையின் உட்புறத்தில் சிறு சிறு புடைப்புகளை விட்டு, அவற்றில் துளையிட்டு, ஈச்சம்பனை போன்ற ஒரு பனையின் கருநாரால் கட்டியிருக்கிறார்கள். விளிம்புகளை மர முளைகள் இணைத்தன. அந்தப் புடைப்பு ஒட்டவைத்தது அன்று. தடித்த பலகையில் அது மட்டும் எஞ்சும்படி சுற்றியுள்ள மரம் முழுவதையும் செதுக்கித் தள்ள வேண்டும். ஒரு வெட்டு ஆழமாக விழுந்தால் பலகையே வீண். வாய்ச்சி பிடித்தவனுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

சோழமண்டலக் கரையிலும் ஆணியில்லாத படகுகள் இருந்தன. ஆனால் அங்கே பலகைகளின் ஓரத்தைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். முறை வேறு, கை வேறு. ஆகவே 'கப்பல் கட்ட இவர்களுக்குக் கற்றுக் கொடுத்ததே நாம்தான்' என்று மேடையில் முழங்கும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மலாயின் 'காப்பால்' நம் கப்பலிலிருந்து வந்த சொல்தான். சொல் வந்ததால் தொழிலும் வந்தது என்றாகிவிடுமா? இக்கரைத் தச்சனின் திறமையை நம் கணக்கில் எழுதிக்கொள்வது நமக்கு அழகில்லை. இந்நாட்டில் நம்மவரின் உழைப்பை வேறொருவர் கணக்கில் எழுதினால் நாம் கொதிப்பதில்லையா?

பெருமைப்பட வேறு இருக்கிறது. தென் தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் ஓர் உரைகல் கிடைத்துள்ளது. கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டின் தமிழ் எழுத்தில், அது பெரும்பதனின் கல் என்று பொறித்திருக்கிறது. கடல் கடந்து வந்த ஒரு பொற்கொல்லர் தம் கருவியில் பெயர் எழுதி வைத்திருக்கிறார். எனக்குப் புலிக்கொடியைவிட அந்தக் கல் பெரிது.

அடுத்த ஆண்டு மலரின் ஆசிரியர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். கப்பல் படத்திற்குப் பதிலாக, மாணவர்கள் தத்தம் வீட்டில் கிடக்கும் உளி, வாய்ச்சி, பால்மரக் கத்தி ஆகியவற்றைப் படமெடுத்து, அவற்றின் பெயரையும் பயன்படுத்தியவர் பெயரையும் எழுதி அனுப்பட்டும். தாத்தாவுடையதை நான் அனுப்புகிறேன். பிடி மட்டும் உளுத்துவிட்டது.