ஆலோசகர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

பட்டம் பெற்று வெளியேறும் மாணவரிடம் எதிர்காலத் திட்டம் யாதென வினவினால், "ஆலோசனை நிறுவனத்தில் பணி" என்னும் விடை இன்று அடிக்கடி செவியில் விழுகின்றது. உயர்ந்த ஊதியம், வானூர்திப் பயணம், பெரிய நிறுவனத் தலைவர்களோடு சரியாசனம் ஆகியவை இளைஞரை ஈர்ப்பதில் வியப்பில்லை. ஆயினும், அப்பணியின் உள்ளியல்பை எண்ணிப் பார்த்தோர் சிலரே.

ஆலோசகரின் நாள் எவ்வாறு கழிகின்றது? வாடிக்கையாளரின் தொழிற்சாலைக்கோ அலுவலகத்துக்கோ சென்று கணக்குகளைத் திரட்டுகிறார். மேலாளர் முதல் கடைநிலை ஊழியர் வரை பலரிடமும் வினவுகிறார். கண்டவற்றைச் சில பக்கங்களில் சுருக்கி நிர்வாகக் குழுவின் முன் வைக்கிறார். சில மாதங்களில் வேறோர் ஊர், வேறொரு தொழில். தாம் பரிந்துரைத்த ஆட்குறைப்பால் வேலை இழந்தவரின் முகத்தை அவர் மீண்டும் காண்பதில்லை. முடிவைச் சொன்னவர் ஒருவர்; அதன் விளைவைச் சுமப்பவர் மற்றொருவர். இப்பணியின் வசதியும் ஆபத்தும் இங்கேயே உள்ளன.

ஆபத்து இன்னொன்றும் உண்டு. அறிவுரை கேட்பவரே ஊதியமும் தருகிறார். அவருக்குக் கசப்பானதைச் சொன்னால் அடுத்த ஒப்பந்தம் கைநழுவக்கூடும். 1913-இல் சிகாகோவில் தொடங்கப்பெற்ற ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனத்தின் வரலாறு இதற்குச் சான்று. என்ரான் நிறுவனத்திடமிருந்து 2000-ஆம் ஆண்டில் அது தணிக்கைக்காக ஏறத்தாழ 2.5 கோடி டாலரும், ஆலோசனை முதலிய பிற பணிகளுக்காக 2.7 கோடி டாலரும் பெற்றது. தணிக்கை செய்த கையே ஆலோசனைக் கட்டணத்தையும் வாங்கியது. 2001 டிசம்பரில் என்ரான் திவாலானது. மறு ஆண்டே ஆண்டர்சனும் வீழ்ந்தது. ஆவண அழிப்பு வழக்கில் அதற்கு எதிராக வந்த தீர்ப்பை 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கியது. எனினும் இழந்த நம்பிக்கை மீளவில்லை. 2002-இல் இயற்றப்பட்ட சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், ஒரு நிறுவனத்தைத் தணிக்கை செய்வோர் அதற்கே பலவகை ஆலோசனைப் பணிகளையும் செய்வதைத் தடுத்தது.

சட்டம் ஒரு வாயிலை அடைக்கலாம். மனச்சான்றை உண்டாக்க அதனால் இயலாது. அரசனுக்கு வேண்டிய துணையை எண்ணிய வள்ளுவர், பெரியாரைத் துணைக்கோடல் என ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கு வேண்டப்படுபவர் புகழ்ந்துரைப்போர் அல்லர், இடித்துரைப்போர்.

மாணவச் செல்வங்களே! இப்பணியை நாடிச் செல்வதில் தவறில்லை. ஆனால், அறிக்கையில் வெறும் எண்ணாக நிற்பவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஊதியம் தருபவரிடமே "இது தவறு" என்று பணிவோடு சொல்லும் துணிவையும் இங்கிருந்தே கற்றுச் செல்லுங்கள். அத்துணிவு இல்லாதவர் விற்பது ஆலோசனை அன்று; வெறும் ஆமோதிப்பே.