பாலாற்றங்கரை மக்களின் வழக்கு

ஆம்பூரில் தயாராகும் காலணிகள் ஐரோப்பா செல்கின்றன. தோல் பதனிட்ட கழிவுநீரோ பாலாற்றங்கரையிலேயே தங்கிவிட்டது. கிணறுகள் உப்பாகி, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழானது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்பது நாட்டின் சட்டம் என்று 1996, ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். (ஏற்றுமதி வருமானத்தின் முன் இது எம்மாத்திரம்?)

சட்ட மாணவர்கள் இன்றும் இவ்வழக்கைப் படிக்கிறார்கள். விவசாயிகளோ இழப்பீட்டுக்காக மறுபடியும் நீதிமன்றம் ஏற வேண்டியதாயிற்று. அரசு அதை வழங்கி, தொழிற்சாலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்று 2025, ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இடையில் 28 ஆண்டுகள். தொழிலை மூடிவிடுங்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. காலணித் தொழிற்சாலைக்குப் போகும் பெண்ணின் வீட்டுக் கிணறும் உப்பாகத்தான் இருக்கிறது.