காத்தாடி சுத்தினால் போதுமா?

எங்கள் பூதப்பாண்டியில் இப்போது பெண்கள் மத்தியிலும் 'ஷேர்' பேச்சுதான். "ஆரல்வாய்மொழி, முப்பந்தல்ல இத்தனை காத்தாடி சுத்துதே மைனி, அந்தக் கம்பெனி பங்கை வாங்கினா நஷ்டமா வரும்?" என்று சீட்டு எடுத்த கையோடு கேட்கிறார்கள்.

காத்தாடி செய்து விற்பவர் ஒருவர். அதை வாங்கி நிறுத்தி, கரண்ட் வருமானம் பார்ப்பவர் வேறொருவர். நூற்பாலைக்காரர்கள் பலர் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆடிக்காற்று நன்றாக அடித்தால் லாபம் அவர்களுக்கு. செய்து கொடுத்த கம்பெனிக்குப் பராமரிப்புக் கூலி கிடைக்கும், அவ்வளவுதான்.

சுஸ்லானையே பாருங்கள். 2005-ல் பங்கு ஒன்று 510 ரூபாய்க்கு வெளியிட்டார்கள். 2008-ல் அதை ஐந்தாகப் பிரித்தார்கள். அந்த ஜனவரியில் பிரித்த கணக்கில் பார்த்தாலே பங்கு 400 ரூபாய்க்கு மேல்! கடன் வாங்கி ஜெர்மனி கம்பெனியை வாங்கினார்கள். 2012-ல் வெளிநாட்டுக் கடன்பத்திரப் பணத்தைத் திருப்ப முடியவில்லை. 2020 மார்ச்சில் பங்கு 2 ரூபாய்க்கும் கீழே. (ஒரு முழம் பிச்சிப்பூ கூடக் கிடைக்காது!) அந்த வருஷங்களிலும் காத்தாடி சுத்திக்கொண்டுதான் இருந்தது. 2024 செப்டம்பரில் 80-ஐத் தாண்டியது. அப்போதும் பழைய உச்ச விலையில் கால்பங்கு இல்லை.

வாங்க ஆசைப்படும் சகோதரிகள், கம்பெனிக்குக் கடன் எவ்வளவு, கைவசம் ஆர்டர் எவ்வளவு, விற்ற பணம் வசூலாகிறதா, முதலாளி தன் பங்கை அடகு வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். எல்லாம் கம்பெனி வெளியிடும் விவரங்களிலேயே இருக்கும். காலேஜ் போகும் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம்.

நகையை அடகு வைத்து வாங்குவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். வட்டி கட்டியாக வேண்டுமே!

— ஒரு வாசகி, பூதப்பாண்டி.