வட்டக் கட்டடத்தையும் பார்த்து வாருங்கள்

 

வியாபார விஷயமாக டெல்லி செல்கிறீர்கள். சதர் பஜாரில் சரக்கு எடுக்கிறீர்கள். ஜாமிஆ மஸ்ஜிதில் தொழுகிறீர்கள். செங்கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ரயிலேறி விடுகிறீர்கள். ஷாஜஹான் கட்டியதைத் தேடிப் போய்ப் பார்க்கும் கண்கள், 144 தூண்களோடு வட்டமாக நிற்கும் பழைய நாடாளுமன்றத்தைப் பார்க்காமலேயே திரும்பலாமா?

1927-ல் வெள்ளைக்காரன் தன் ஆட்சிக்காகத் திறந்த கட்டடம் அது. 2023 செப்டம்பரில் சபைகள் புதிய கட்டடத்திற்கு மாறின. பழையதற்கு 'சம்விதான் சதன்' என்று பெயரிட்டார்கள். தூண்களை எண்ணிப் பார்க்க நான் உங்களை அழைக்கவில்லை. அதன் மைய மண்டபத்தில்தான் அரசியல் நிர்ணய சபை கூடியது.

1948 நவம்பர் 23. பிரிவினை நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. முஸ்லிம் லீக் என்றாலே சந்தேகத்தோடு பார்த்த காலம். அந்த நேரத்தில் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிப் சபையில் எழுந்து நின்றார். பொது சிவில் சட்டம் பற்றிய வரைவின் 35-வது பிரிவுக்குத் திருத்தம் கொண்டு வந்தார். தனக்கென்று தனியார் சட்டம் உள்ள எந்தச் சமுதாயத்தையும் அதைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பதே அத்திருத்தம். அவர் சலுகை கேட்கவில்லை. உரிமை என்று வாதாடினார். முஸ்லிம்களின் குடும்பச் சட்டத்தைக் காப்பதாக யூகோஸ்லாவியா ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டதை எடுத்துக் காட்டினார். மஹ்பூப் அலி பேக் சாஹிபும் போக்கர் சாஹிபும் துணை நின்றார்கள். மூவருமே அன்றைய சென்னை மாகாணத்தின் பிரதிநிதிகள்!

திருத்தம் தோற்றது. ஆனால், விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் என்ற அளவில் எதிர்கால நாடாளுமன்றம் இதைத் தொடங்கலாம் என்று டாக்டர் அம்பேத்கர் அந்தச் சபையிலேயே பதில் சொன்னார். அந்த 35-தான் இன்றைய 44-வது பிரிவு. 2025 ஜனவரியில் உத்தரகாண்டில் பொது சிவில் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. ஷரீஅத்துக்காக இன்று வாதாட நினைப்பவர் முதலில் புரட்ட வேண்டியது அன்றைய சபைக் குறிப்பேட்டைத்தான்.

"ஓட்டுப் போட்டு என்ன ஆகப் போகிறது ஹஜ்ரத்?" என்று கேட்கும் வாலிபர்களே! எண்ணிக்கை தங்கள் பக்கம் இல்லை என்று தெரிந்துதான் அவர்கள் பேசினார்கள். அவர்கள் வாய்மூடி இருந்திருந்தால் அம்பேத்கரின் அந்தப் பதில் நமக்குக் கிடைத்திருக்குமா? வாக்காளர் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று கூடப் பார்க்காதவர், சமுதாயத்திற்குக் குரல் இல்லை என்று டீக்கடையில் புலம்புவதில் என்ன நியாயம்?

கடை முதலாளிகளே! அடுத்த முறை சரக்கெடுக்கப் போகும்போது மகனையும் அழைத்துச் செல்லுங்கள். உள்ளே போக அனுமதி கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ். கிடைக்காவிட்டால் தூரத்தில் நின்றாவது காட்டி, அந்த மூவரின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.