வேகக் கார் மோகமும் வணிகர் முதலும்

பழைய வண்டி வாங்குவது நம் வணிகப் பெருமக்களுக்குப் புதிய விஷயம் அல்ல. கடை தொடங்கிய காலத்தில் மூன்றாம் கை வேனில் சரக்கு ஏற்றாதவர்கள் நம்மில் குறைவு. வண்டி ஓடுகிறதா, எத்தனை மூட்டை தாங்கும், எஃப்.சி. எப்போது முடிகிறது என்று மூன்று கேள்வி கேட்டு விலையைப் பேசி முடித்துவிடுவோம். ஆனால் இப்போது நம் வீடுகளில் நடக்கும் பழைய கார் வியாபாரம் வேறு வகை. கடையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் பத்து, பதினைந்து, இருபது ஆண்டு ஆன கார்களைத் தேடிப் பிடித்து, கேட்பவர் மூக்கில் விரல் வைக்கும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். சரக்கு ஏற்ற அல்ல, குடும்பத்தோடு பழனிக்குப் போக அல்ல, வேகத்துக்காக.

இதைப் பற்றி வணிகர் சங்க இதழில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். பணம் நம் கல்லாவிலிருந்து போகிறது. ஆகவே எழுத வேண்டியிருக்கிறது.

இதை வெறும் ஊதாரித்தனம் என்று தள்ளிவிடுவதும் நியாயம் அல்ல. மோட்டார் பந்தயம் தமிழ்நாட்டின் பழைய சொத்து. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டு காலம் பந்தயம் நடந்தது. பிறகு 1990-ல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான ஓடுபாதை வந்தது. கோவையில் கரிவர்தன் என்பவர் மாருதி இஞ்சினை வைத்தே பந்தயக் கார் கட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். 1995-ல் விமான விபத்தில் காலமானார். இன்று நம் பிள்ளைகள் தேடும் கார்களில் சில நம் மண்ணிலேயே பிறந்தவை. மிட்சுபிஷி லான்சர் 1998 முதல் திருவள்ளூரில் தயாரானது. ஃபோர்டு ஐகான் 1999-ல் மறைமலைநகரில் இருந்து வந்தது, அதில் 1.6 பெட்ரோல் வண்டிக்கு இன்றும் தனி மவுசு. இவற்றோடு 2001-ல் வந்த ஃபியட் பாலியோ 1.6, பழைய ஹோண்டா சிட்டி வி.டெக், ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., 2013-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2015-ல் வந்த அபார்த் புன்டோ என்று பட்டியல் நீள்கிறது.

இந்தப் பிள்ளைகள் கார் பார்க்கும் விதத்தைக் கவனித்தால் நமக்கே பெருமையாக இருக்கிறது. மூட்டையில் குத்தூசி போடாமல் பருப்பு வாங்கமாட்டோம் அல்லவா, அவர்களும் அப்படித்தான். பார்க்கப் போனவுடன் பானெட்டின் மேல் கை வைக்கிறார்கள். சூடாக இருந்தால், விற்பவர் முன்கூட்டியே இஞ்சினை ஓட்டி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். குளிர்ந்த இஞ்சின் எழும்போதுதான் உண்மைச் சத்தமும் உண்மைப் புகையும் வெளிவரும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. நிற்காத வெள்ளைப் புகை என்றால் இஞ்சினுக்குள் தண்ணீர் போகிறது என்று சந்தேகிக்கிறார்கள். ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் போலப் படிந்திருக்கிறதா என்று திறந்து பார்க்கிறார்கள்.

கண்ணாடி ஒவ்வொன்றிலும் தயாரித்த ஆண்டைக் காட்டும் குறி உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆறு கண்ணாடியில் ஒன்று மட்டும் ஆண்டு மாறியிருந்தால், அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மீட்டர் முப்பதாயிரம் கிலோமீட்டர் காட்டும், பிரேக் மிதியின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருக்கும். இரண்டில் ரப்பரைத்தான் அவர்கள் நம்புகிறார்கள். பானெட் போல்ட்டில் ஸ்பானர் பட்ட தடம், கதவுத் தூணில் கம்பெனி வெல்டிங்குக்குப் பதில் பட்டறை வெல்டிங், சீட்டுக்கு அடியில் வண்டல் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நீரில் மூழ்கிய கார்கள் எத்தனையோ. சுத்தம் செய்து பாலிஷ் போட்டால் அவை மற்றக் கார்களைப் போலத்தான் நிற்கும். ஒயரிங் பின்னால் காட்டிக்கொடுக்கும்.

டெல்லியிலிருந்து வரும் வண்டிகள் தனிக் கதை. அங்கே பத்து ஆண்டு கடந்த டீசல் காரும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் காரும் ஓடக் கூடாது என்ற உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் பிறகு வயது நெருங்கிய கார்கள் மலிவு விலையில் தெற்கே இறங்கின. பின்னாளில் அந்தத் தடையில் தளர்வுகள் வந்தன என்றாலும் வந்த வண்டிகள் இங்கேதான் இருக்கின்றன. மலிவு என்று தோன்றும். தடையில்லாச் சான்று, இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, மறுபதிவுச் செலவு எல்லாம் கூட்டினால் லாரி வாடகையை மறந்து வெளிமாநிலச் சரக்குக்கு விலை போட்ட கதைதான்.

வாங்குவதில் இத்தனை சாமர்த்தியம் காட்டும் பிள்ளைகள், பழுது பார்ப்பதில் கணக்குத் தவறுகிறார்கள் என்பது நம் அபிப்பிராயம். ஃபியட் 2019-ல் இந்தியாவில் கார் விற்பனையை முடித்துக்கொண்டது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022-ல் மறைமலைநகரில் கார் உற்பத்தியை நிறுத்தியது. போலோவின் உற்பத்தியும் 2022-ல் நின்றது. இப்படிப்பட்ட வண்டிக்கு உதிரி பாகம் என்பது வரத்து நின்ற சரக்கு. இருப்பு உள்ளவர் சொன்னதே விலை. சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகம் விற்பவர்களும் நம்மைப் போன்ற வியாபாரிகளே; எந்தப் பாகத்துக்கு எத்தனை பேர் அலைகிறார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. காரில் உள்ள ஏழு கியர் தானியங்கிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் என்ற பகுதி பழுதாவது உலகம் முழுவதும் அறிந்த சங்கதி. மாற்றினால் செலவு லட்சத்தைத் தாண்டும். இதைத் தெரிந்தவர்கள் வாங்கும்போதே அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கிறார்கள். தெரியாதவர் வாங்கிய ஆறாம் மாதம் மாமனார் வீட்டில் கைமாற்று கேட்கிறார்.

நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர், மாதம் தவறாமல் பாக்கி தீர்ப்பவர். ஒரு தீபாவளிக்கு முன்பு இரண்டு தவணையைத் தள்ளிப் போட்டார். வியாபாரம் ஏதும் குறையவில்லை. மகன் வாங்கிய டர்போ கார் கியர் பெட்டி இறக்கிய நிலையில் ஒர்க்ஷாப்பில் கிடந்தது. அதற்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. பண்டிகைக்கு முன்பே எடுத்து வைக்க வேண்டிய எண்ணெயும் பருப்பும் பாதிதான் எடுத்தார். தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது அவருடைய வாடிக்கையாளர்கள் எதிர்க் கடையில் நின்றார்கள். அதில் சிலர் இன்னும் திரும்பவில்லை. கியர் பெட்டிக்கு ரசீது இருக்கிறது. இந்த நஷ்டத்துக்கு ரசீது கிடையாது.

"அப்பா, இந்தக் காரின் விலை ஏறத்தான் செய்கிறது, இது முதலீடு" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். விலை ஏறுவது பொய் அல்ல. கைபடாத பெயிண்ட், முழு சர்வீஸ் பதிவு, ஒரே உரிமையாளர் என்று இருந்தால், ரசிகர்கள் போட்டி போட்டுக்கொண்டு தருகிறார்கள். ஆனால் அப்படித் தருபவர்கள் எத்தனை பேர்? துவரம் பருப்பை இன்று மதியம் மண்டியில் இறக்கினால் மாலைக்குள் வாங்க ஆள் உண்டு. இந்தக் காருக்கு உரிய ஆள் மதுரையில் இருப்பார் அல்லது பூனாவில் இருப்பார். அவர் வரும் வரை காத்திருக்கப் பொறுமை உள்ளவருக்குத்தான் அந்த விலை. நாளைக்குச் செக் பாஸ் ஆக வேண்டும் என்று விற்கப் போனால், சாதாரணத் தரகர் மாடலையும் ஆண்டையும் கேட்டு, ஓடாத பழைய கார் என்று சொல்லி அடிமாட்டு விலை வைப்பார். கடைக்காரருக்கு அந்த இரண்டாவது விலைதான் கணக்கு.

இன்ஷூரன்ஸ் வைத்திருக்கும் மதிப்பு மூன்றாவது. ஐந்து ஆண்டுக்குள் இருக்கும் காருக்கு அட்டவணைப்படி தேய்மானம்: ஓராண்டு முடிந்தால் 20 சதவீதம், நான்காண்டு முடிந்தால் 50 சதவீதம். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு அட்டவணை இல்லை. கம்பெனியும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொண்டதே மதிப்பு. நம்மவர்கள் பிரீமியம் குறைகிறதே என்று போட்ட தொகைக்குத் தலையாட்டிவிடுகிறார்கள். ரசிகர் சந்தையில் ஏழு லட்சம் போகும் காருக்குப் பாலிசியில் ஒன்றரை லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழுதுச் செலவு பாலிசி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு நஷ்டம் என்பது விதி. அதாவது ஹெட்லைட், பம்பர், ரேடியேட்டர் உடைந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் எஸ்டிமேட் வந்தாலே போதும். ஏழு லட்சத்துக்கு வாங்கியதை ஒன்றரை லட்சத்துக்குக் கணக்கு முடிப்பார்கள். புதுப்பிக்கும்போதே படமும் ரசீதும் கொடுத்து, மதிப்பை உயர்த்தச் சொல்லி எழுத்தில் கேட்பது நல்லது. கூடுதல் பிரீமியம் வலிக்கத்தான் செய்யும்.

வேகத்தைக் கூட்டுவதற்காகக் கம்ப்யூட்டரை மாற்றுவது, சைலன்சரை மாற்றுவது எல்லாம் இந்த ரசனையில் சகஜம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் கிளெய்ம் நிற்கும் இடமும் அதுதான். இந்த விஷயத்தில் பிள்ளைகளோடு சண்டை போட்டாலும் தவறில்லை.

காரைக் கடைக் கணக்கில் வாங்கலாமே என்ற யோசனையும் ஆடிட்டர் அறைகளில் அடிபடுகிறது. சொந்தப் பயணத்துக்கான காருக்கு ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவு கிடையாது. விற்கும்போது வேறு சிக்கல் இருக்கிறது. பதிவு பெற்ற வணிகர் தொழில் கணக்கில் உள்ள பழைய காரை விற்றால், 2025 ஜனவரி முதல் லாப வித்தியாசத்தின் மேல் 18 சதவீதம் வரி. தேய்மானம் எழுதிய வண்டி என்றால், ஏட்டில் நிற்கும் மதிப்புக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசமே லாபம். ஏடு இரண்டு லட்சம் என்கிறது, ரசிகர் ஏழு லட்சம் தருகிறார் என்றால் ஐந்து லட்சத்துக்கு 90,000 ரூபாய் வரி. சாதாரணக் கார் ஏட்டு மதிப்புக்கும் கீழே போகும், வரி வராது. விலை ஏறும் கார்தான் மாட்டிக்கொள்ளும். வருமான வரி இதற்கு அப்பால்.

ஆகவே நம் கருத்து இதுதான். ஆசைப்பட்ட பிள்ளை வாங்கட்டும். வருடக் கணக்கு முடிந்து, வரி கட்டி, வீட்டுக்கு எடுத்த பணத்தில் வாங்கட்டும். பழுதுச் செலவுக்கு வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக வைத்துக்கொண்டு வாங்கட்டும். சரக்குப் பணத்தில் கை வைக்க வேண்டாம். கடைப் பேரில் கடன் எடுக்க வேண்டவே வேண்டாம். பதினைந்து ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமே 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கார்கள் அடிக்கடி கைமாறுகின்றன, ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறுவதில்லை. விபத்து வழக்கில் பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. யாரோ ஒரு பையன் ஈ.சி.ஆர். ரோட்டில் மோதியதற்கு, மூன்று வருடம் முன்பு விற்ற மளிகைக்காரர் கோர்ட்டில் நிற்க வேண்டியிருக்கும். சாவி கொடுக்கும் அன்றே 29, 30 படிவங்களைப் பூர்த்தி செய்து, 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஒப்புகையைக் கடை லைசென்ஸ் இருக்கும் கோப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.